வீட்டில் செய்த மர அலமாரி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பிளைவுட்டோ பழைய தேக்கோ வாங்கி, வீட்டிலேயே ஒரு அலமாரி செய்து நிறுத்தியாகிவிட்டது. சில மாதம் ஒரு குறையும் இல்லை. ஜூன் பாதியில் மும்பையில் மழை பிடித்ததும் கதவு உரசுகிறது, டிராயர் பாதியில் நிற்கிறது, உள்ளே மடித்து வைத்த புடவையில் பூசண வாடை. செம்பூரில் நானே செய்த அலமாரியில் தொடங்கி, சயான் கோலிவாடா, தாராவி, முலுண்ட் என்று தெரிந்தவர்கள் வீடுகளிலும் இதே கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து வருகிறேன். பத்து அலமாரியில் ஏழெட்டுக்கு மரத்தில் குறையே இருப்பதில்லை. தரையிலும் சுவரிலும் ஸ்க்ரூவிலும்தான் இருக்கிறது. அதனால் இழைப்புளியைக் கடைசியாக எடுங்கள். இழைத்துத் தள்ளிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

உங்கள் அலமாரி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில். கையில் ஒரு அளவுநாடா, திருப்புளி, டார்ச், நூல், சாக்பீஸ், மெழுகுவத்தி இருக்கட்டும். ரசமட்டம் இல்லாவிட்டால் செல்போனில் இருக்கும் மட்டமே இந்த வேலைக்குப் போதும்.

## இரண்டு கதவும் ஒரே கோட்டில் நிற்கவில்லை

என்னிடம் வரும் புகார்களில் இதுதான் அதிகம். ஒரு கதவு மேலே, ஒன்று கீழே. அல்லது நடுவில் உள்ள இடைவெளி மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கிறது.

### முதலில் தரை

கதவைத் தொடாதீர்கள். அலமாரியின் தலைமேல் ரசமட்டத்தை இடவலமாக ஒரு தரம், முன்பின்னாக ஒரு தரம் வைத்துப் பாருங்கள். மும்பைக் குடியிருப்புகளில் டைல்ஸ் தரை பால்கனிப் பக்கமோ குளியலறைப் பக்கமோ லேசாகச் சரிந்திருப்பது சகஜம். பழைய சாலில் (வரிசையாக அறைகள் உள்ள பழைய மும்பைக் குடியிருப்பில்) கேட்கவே வேண்டாம். நான்கு காலில் ஒன்று பள்ளத்தில் நின்றால் பெட்டி முறுக்கிக்கொள்ளும், கதவும் அதன் போக்கில் போகும்.

எந்தக் கதவு தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்து முன்காலை உயர்த்திப் பாருங்கள். ஒருவர் அலமாரியை லேசாகத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் 2 அல்லது 3 மி.மீ. கனத்துக்குச் சன்மைக்காத் துண்டுகளை அடுக்கி அடியில் செருகினால் போதும். அட்டை வேண்டாம். துடைக்கும்போது தண்ணீர் பட்டு ஒரே மழையில் நைந்துவிடும். முன்காலில் கை நுழைய இடம் இல்லையென்றால் குறுக்கே எதிர்மூலையில் உள்ள பின்காலை உயர்த்தினாலும் முறுக்கு அதே பக்கம் திரும்பும். செருகியதும் கதவு தானாக வந்து சேர்ந்தால் வேலை முடிந்தது.

நிறைந்த அலமாரியைத் தூக்கக் கூடாது. கீழ்த்தட்டையாவது காலி செய்துவிட்டுத் தூக்குங்கள்.

### தரை சரி, அப்புறமும் கோணல் என்றால் கீல்

மேல் கீலின் ஸ்க்ரூக்களைத் திருகிப் பாருங்கள். கதவின் பாரம் இழுப்பது மேல் கீலைத்தான், அதனால் முதலில் தளர்வதும் அதுதான். ஸ்க்ரூ இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், ‘ஸ்க்ரூ பிடிக்கவில்லை’ என்ற பகுதிக்குப் போங்கள்.

இறுக்கமாக இருந்தால் அது எந்தக் கீல் என்று பாருங்கள். வெளியே தெரியாத ஆட்டோ ஹிஞ்ச் என்றால் சரிக்கட்ட வழி அதிலேயே இருக்கிறது. கதவுக்கு அருகில் உள்ள ஸ்க்ரூ கதவை இடவலமாக நகர்த்தும். பின்னால் உள்ளது கதவை உள்ளே, வெளியே நகர்த்தும். பக்கப்பலகையில் அறைந்த தகட்டின் மேலும் கீழும் இருக்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் கதவை ஏற்றி இறக்கலாம். கதவின் திறக்கும் ஓரம் தொங்கினால் மேல் கீலின் முன் ஸ்க்ரூவைத் திருகிக் கதவைப் பக்கப்பலகையை நோக்கி இழுங்கள், கீழ்க் கீலில் அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். அரைச் சுற்றுக்கு ஒரு தரம் மூடிப் பார்க்க வேண்டும். ஒரேயடியாகத் திருகினால் எங்கே ஆரம்பித்தோம் என்பதே தெரியாமல் போகும்.

ஆட்டோ ஹிஞ்சில் இன்னொரு தவறும் நடக்கிறது. கடையில் மூன்று வகை உண்டு: கதவு பக்கப்பலகையை முழுதும் மூடினால் ஜீரோ கிராங்க், ஒரே பலகையை இரண்டு கதவு பங்கிட்டால் 8 கிராங்க், கதவு பெட்டிக்குள் அடங்கினால் 16 கிராங்க். மாற்றி வாங்கிப் பொருத்தியிருந்தால் எவ்வளவு திருகினாலும் கதவு சேராது. கீலை மாற்றத்தான் வேண்டும். கதவில் குடைந்த 35 மி.மீ. குழி எல்லாவற்றுக்கும் பொதுவானது, அதனால் கதவு வீணாகாது.

கீலின் எண்ணிக்கையையும் பாருங்கள். 3 அடி உயரம் வரை 2, 5 அடி வரை 3, அதற்கு மேல் 4. ஆறடிக் கதவை இரண்டே கீலில் தொங்கவிட்டிருந்தால் கோணல் திரும்பத் திரும்ப வரும்.

### கீலும் சரி என்றால் பெட்டியின் சதுரம்

மேல் இடமூலையிலிருந்து கீழ் வலமூலை வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மற்ற மூலைவிட்டம். இரண்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெட்டி சாய்சதுரமாகிவிட்டது. பெரும்பாலும் காரணம் பின்பலகை. 6 மி.மீ. பிளைவுட்டைச் சின்ன ஆணியால் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடித்திருப்பார்கள். அலமாரியைக் காலி செய்து, நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்தி இரண்டு அளவும் சமமாகும்வரை பிடித்துக்கொண்டு, பின்பலகையைச் சுற்றிலும் அரை அடிக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் முடுக்குங்கள். கட்டாயம் இரண்டு பேர் வேண்டும்.

### கடைசி சந்தேகம்: கதவே வளைந்துவிட்டது

கதவைக் கழற்றிச் சமமான டைல்ஸ் தரையில் படுக்க வையுங்கள். நான்கு மூலையும் படியாமல் ஒரு மூலை எழும்பி நின்றால் கதவு முறுக்கிவிட்டது. வெளிப்பக்கம் மட்டும் சன்மைக்கா ஒட்டி உள்பக்கம் வெறுமனே விட்ட கதவுகளில் இதை அதிகம் பார்க்கிறேன். ஒரு முகம் மூடியிருக்கிறது, மறுமுகம் மழைக்காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது, பலகை ஒரு பக்கமாக வளைகிறது. 3, 4 மி.மீ. வளைவு என்றால் நடுவில் ஒரு கீல் சேர்த்து இழுத்து வைக்கலாம். அதற்கு மேல் என்றால் புதுக் கதவுதான் வழி. அதற்கு இரண்டு முகத்திலும் சன்மைக்கா ஒட்டச் சொல்லுங்கள், உள்பக்கத்துக்கு மெல்லிய லைனர் போதும். ஏழடி உயரக் கதவு என்றால் பிளைவுட்டைவிட பிளாக்போர்டு (block board, நடுவில் மரச்சட்டங்களை அடுக்கி ஒட்டிய பலகை) நிமிர்ந்து நிற்கும். இந்த வேலையைக் கார்பென்டரிடம் கொடுத்துவிடுவது நல்லது. பெரிய பலகையை நேராக அறுக்கும் மேசை ரம்பம் நம் வீட்டில் இருக்காது.

## மழைக்காலத்தில் மட்டும் கதவு உரசுகிறது

பிளைவுட் கதவில் இது குறைவு. முழுமரத்தில் செய்த கதவுக்கு வரும். மரம் ஈரத்தைக் குடித்தால் நீளத்தில் கூடாது, அகலத்தில் விரியும். பேக்கிங் பெட்டி பைன் மரத்தில் அதிகம் விரியும், நன்றாகக் காய்ந்த பழைய தேக்கில் குறைவு.

எங்கே உரசுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சட்டத்தின் ஓரம் முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கதவை மூடித் திறங்கள். கதவில் வெள்ளை ஒட்டிய இடம்தான் உரசும் இடம். மேல்மூலையில் மட்டும் ஒட்டியிருந்தால் அது மழையின் வேலை இல்லை, மேல் கீல் தளர்ந்திருக்கிறது. முந்தைய பகுதிக்குப் போங்கள். ஓரம் நெடுக ஒட்டியிருந்தால் மரம் விரிந்திருக்கிறது.

விரிந்திருந்தால் அந்த ஓரத்தில் மெழுகுவத்தியை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பாதி வீடுகளில் இதோடு மழைக்காலம் ஓடிவிடும். சோப்பு தேய்க்க வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். மெழுகுக்கும் மசியாவிட்டால் 100 எண் உப்புத்தாளை ஒரு தட்டையான கட்டையில் சுற்றி, சாக்பீஸ் ஒட்டிய இடத்தில் மட்டும் நாலு இழுப்பு.

அதற்கு மேல் இழைக்காதீர்கள். என் முதல் அலமாரியில் ஜூலை மாதம் கதவு சிக்கியதும் இழைப்புளியால் ஓரம் முழுக்க இரண்டு மி.மீ. தள்ளினேன். அப்போதைக்கு அருமையாக மூடியது. ஜனவரியில் மரம் காய்ந்து சுருங்கியதும் இரண்டு கதவுக்கும் நடுவே கரப்பான் தாராளமாக நுழையும் அளவுக்குச் சந்து விழுந்துவிட்டது. ஓரத்தில் ஒரு பீடிங் ஒட்டித்தான் மறைக்க முடிந்தது. மழையில் விரிந்த மரத்தின் அளவு அதன் நிஜ அளவு இல்லை.

நிரந்தரமாகச் சரிசெய்வது தீபாவளிக்குப் பின்னால். மரம் காய்ந்திருக்கும்போது கதவைக் கழற்றி, அதன் தலையையும் அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் அங்கே பாலிஷ் போகவில்லை. முகத்துக்கு நான்கு கோட் அடித்தவர்கள்கூட அடிப்பகுதியை விட்டுவிடுவார்கள், ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான். இரண்டு கோட் பாலிஷோ பெயின்டோ அங்கே கொடுங்கள். அடுத்த மழைக்கு வித்தியாசம் தெரியும். மழைக்காலத்தில் மட்டும் பிரெஞ்சு பாலிஷ் அடிக்க வேண்டாம், ஈரம் அகப்பட்டுக்கொண்டு வெண்படலம் படியும்.

கதவுச் சட்டத்துக்கு நடுவில் உள்ள பலகை மழையில் பிதுங்கியோ வெயிலில் வெடித்தோ இருந்தால், அதை நான்கு பக்கமும் பசை வைத்து இறுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். பலகை சட்டத்தின் காடியில் பசையில்லாமல், விரியக் கொஞ்சம் இடத்தோடு உட்கார வேண்டும். சட்டத்தைப் பிரித்துச் சேர்க்கும் வேலை இது, கார்பென்டரைக் கூப்பிடுங்கள்.

## அலமாரி ஆடுகிறது

தொட்டால் முன்பின்னாக ஆடினால் தரைதான் காரணம். மேலே சொன்னபடி காலுக்குத் துண்டு வைத்தால் நிற்கும். இடவலமாக, தீப்பெட்டியை அமுக்கினால் சாய்வது போலச் சாய்ந்தால் பின்பலகை தளர்ந்திருக்கிறது. அதற்கும் வழி மேலே இருக்கிறது, கூடவே உள்மூலைகளில் நான்கு எல் கிளாம்ப் (எல் வடிவ இரும்புத் தகடு) போடுங்கள்.

ஆடாவிட்டாலும் இடுப்புக்கு மேல் உயரமுள்ள எந்த அலமாரியையும் சுவரோடு பிணைத்துவிடுங்கள். குழந்தை ஒன்று கீழ் டிராயரை இழுத்து அதன்மேல் ஏறினால் அலமாரி அப்படியே முன்னால் கவிழும். மேல்பலகையில் இரண்டு எல் கிளாம்ப், சுவரில் இரண்டு ஃபாஸ்டனர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்), அரைமணி நேர வேலை. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் டிரில் போடாதீர்கள், வயர் அந்தக் கோட்டில்தான் போகும். டிரில் போடும்போது செங்கல்தூள் சிவப்பாக வராமல் சாம்பல்வெள்ளையில் மாவாகக் கொட்டி, பிட் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அது லேசான சைப்போரக்ஸ் (காற்றுக்குமிழி நிறைந்த சிமென்ட் பிளாக்) சுவர். ஸ்க்ரூவுக்காகத் துளையில் அடைக்கும் சாதாரண கட்டை அதில் பிடிக்காது. அந்தச் சுவருக்கென்று உள்ள ஃபாஸ்டனரைக் கேட்டு வாங்குங்கள்.

## தட்டு நடுவில் தொங்குகிறது

தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளங்கள். 2, 3 மி.மீ. என்றால் தட்டைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போடலாம், சில ஆண்டு தள்ளும். அதற்கு மேல் இறங்கியிருந்தால் பாரத்தைப் பாருங்கள். ஒரு அடி நீளத்துக்கு அடுக்கிய புத்தகம் சுமார் 10 கிலோ வரும். 18 மி.மீ. பிளைவுட் இந்தப் பாரத்தை இரண்டு, இரண்டரை அடி அகலம் வரை தாங்கும். மூன்றடிக்குத் தாங்காது. அரிசி மூட்டை, குக்கர், கிரைண்டர் எல்லாம் கீழ்த்தட்டுக்குப் போகட்டும்.

பாரத்தைக் குறைக்க முடியாதென்றால் தட்டின் முன் ஓரத்துக்கு அடியில் ஒன்றரை அங்குல ரீப்பரை (மெல்லிய மரச்சட்டத்தை) நிமிர்த்தி வைத்துப் பசையும் ஸ்க்ரூவும் போடுங்கள். பின்னால் இன்னொரு ரீப்பர். தட்டு விறைத்துக்கொள்ளும். பார்க்கவும் நன்றாக இருக்கும். இன்னும் எளிது, நடுவில் ஒரு செங்குத்துப் பலகை நிறுத்துவது.

தட்டின் அறுத்த ஓரத்தைப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மரத்தூளை அமுக்கியது போல இருந்தால் பார்ட்டிகிள் போர்டு, அது ஒரு முறை தொங்கினால் திரும்ப நிமிராது, மாற்றிவிடுங்கள். பிளைவுட்டில் மேல்முகத்து இழை தட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அறுத்தவர் திருப்பி அறுத்துவிட்டார். அந்தத் தட்டு சீக்கிரம் தொங்கும்.

## டிராயர் சிக்குகிறது

டிராயரை முழுதாக வெளியே எடுங்கள். டெலிஸ்கோப்பிக் சேனல் (ஒன்றுக்குள் ஒன்று நீளும் இரும்புத் தண்டவாளம்) என்றால் இரண்டு பக்கமும் உள்ள கறுப்பு நெம்பை ஒரு பக்கம் மேலாகவும் மறுபக்கம் கீழாகவும் ஒரே நேரத்தில் அழுத்தி இழுத்தால் கழன்று வரும். சேனலில் பழைய கிரீஸும் தூசியும் களியாகச் சேர்ந்திருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். தையல் ஊசி, ரப்பர் பேண்ட் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

சுத்தமாக இருந்தும் சிக்கினால் அளவு. பெட்டியின் உள்ளகலத்தை முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம் அளங்கள். டிராயரின் வெளியகலம் அதைவிட 25, 26 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும், பக்கத்துக்கு அரை அங்குலம். இடைவெளி கூடுதலாக இருந்தால் சேனலுக்குப் பின்னால் சன்மைக்காத் துண்டு வைத்து முடுக்கலாம். குறைவாக இருந்தால் டிராயரைச் சின்னதாக்குவது தவிர வழியில்லை. முன்னால் சரி, பின்னால் இறுக்கம் என்றால் பெட்டிதான் கோணியிருக்கிறது, முதல் பகுதிக்குத் திரும்புங்கள்.

உருண்டைகள் உதிர்ந்த சேனலைப் பழுதுபார்க்க முடியாது. பழையதன் நீளத்தை அங்குலத்தில் அளந்துகொண்டு போய் ஜோடியாக வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒரே மாதிரி ஓடாது.

சேனல் இல்லாமல் மரத்தின் மேல் மரம் ஓடும் பழைய பாணி டிராயருக்கு அடியில் மெழுகு தேய்த்தால் போதும்.

## ஸ்க்ரூ பிடிக்கவில்லை

துளை தேய்ந்துவிட்டது. நான்கைந்து தீக்குச்சிகளின் மருந்தைக் கிள்ளிவிட்டு, ஃபெவிகாலில் தோய்த்துத் துளைக்குள் இறுக்கமாக அடைத்து, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் அதே ஸ்க்ரூ கடித்துப் பிடிக்கும். இது பலிக்காவிட்டால் ஒரு எண் தடித்த ஸ்க்ரூ. ஆனால் நீளத்தைக் கவனியுங்கள், 18 மி.மீ. பலகைக்கு 16 மி.மீ.க்கு மேல் போனால் மறுபக்கம் எட்டிப் பார்க்கும்.

பிளைவுட்டின் ஓரத்தில், அடுக்குகளுக்கு நடுவில் போட்ட ஸ்க்ரூ என்றால் தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். அடுக்கு பிளந்திருக்கும். பிளவில் பசை விட்டு, இரண்டு பக்கமும் கட்டை வைத்து கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டபின், பழைய துளையிலிருந்து ஒரு அங்குலம் தள்ளிப் புதுத் துளை போடுங்கள். 8 எண் ஸ்க்ரூவுக்கு முதலில் 3 மி.மீ. பிட்டால் வழி போட்டுவிட்டால் அடுக்கு பிளக்காது. பார்ட்டிகிள் போர்டில் துளை பொருபொருவென்று உதிர்ந்தால் கீலை வேறு இடத்துக்கு மாற்றுவதே உருப்படியான வழி.

## உள்ளே பூசணம், ஈர வாடை

மும்பையில் நான்கு மாதத்தில் 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. காற்றிலேயே ஈரம். ஆனால் எல்லாப் பூசணமும் காற்றால் வருவதில்லை, சுவரின் ஓதத்தாலும் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அலமாரிக்குச் செலவு செய்தால் அடுத்த ஆண்டும் இதே கதை.

பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான சோதனை. அலமாரியை நகர்த்தி, பின்சுவரில் ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப்பால் காற்று புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

### தாளின் வெளிப்பக்கம் ஈரம், உள்பக்கம் உலர்வு

காற்றின் ஈரம். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் முன்னால் தள்ளி வையுங்கள். பின்பலகையில் மேலே நான்கு, கீழே நான்கு என்று ஒரு அங்குலத் துளை போட்டு, பூச்சி வராமல் கொசுவலைத் துண்டு ஒட்டுங்கள். மழை விட்ட நேரத்தில் கதவைத் திறந்து ஃபேனைப் போடுங்கள். துணியை நன்றாகக் காயவைத்த பிறகு மட்டும் உள்ளே வையுங்கள். வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தும் இந்த ஊரில் இதுதான் கஷ்டமான காரியம் என்பது எனக்கும் தெரியும். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை உறிஞ்சாது. ஈரத்துக்குக் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் கிடைக்கின்றன. தண்ணீர் சேர்ந்ததும் கொட்டிவிட்டு மாற்ற வேண்டும், அந்தத் தண்ணீர் துணியில் படக் கூடாது.

பிடித்த பூசணத்தை மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள். காய்ந்த துணியால் தட்டினால் வீடு முழுக்கப் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

### தாளின் உள்பக்கம் ஈரம்

சுவரே ஈரத்தைத் துப்புகிறது. பெயின்ட் உப்பியும் உப்புப் பூத்தும் இருக்கும். அலமாரியை வேறு சுவருக்கு மாற்றுங்கள். சுவரைச் சரிசெய்யாமல் பின்பலகையை மாற்றினால் அதுவும் அழுகும். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை என்றால் பிளம்பர். மேல்வீட்டுக் குளியலறை என்றால் அவர்களிடம் பேச வேண்டும். மழை அடிக்கும் வெளிச்சுவர் என்றால் சொசைட்டிக்கு (கட்டடத்தின் கூட்டுறவு வீட்டுச் சங்கத்துக்கு) எழுத்தில் கொடுங்கள். மகாராஷ்டிராவின் மாதிரித் துணைவிதிகளின்படி வெளிச்சுவர், மொட்டைமாடி வழியாக வரும் மழை ஒழுகலைச் சரிசெய்வது சொசைட்டியின் செலவு. ‘உங்கள் அலமாரிதானே கெட்டது’ என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். தாள் ஒட்டிய இடத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

பின்பலகையை மாற்றும் நிலை வந்தால் பிளைவுட்டின் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 303 என்ற எண்ணோடு எம்ஆர் (MR, ஈரம் தாங்கும் ரகம்) என்று இருந்தால் அது ஓரளவு காற்றின் ஈரத்துக்குத்தான் தாங்கும். அதே எண்ணோடு பிடபிள்யூஆர் (BWR, கொதிநீர் தாங்கும் ரகம்) என்று இருப்பது அதைவிடத் தேவலை. ஐ.எஸ். 710 என்பது மெரின் பிளை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஒட்டு விடக் கூடாது என்பது அதற்கான சோதனை. ஓதம் ஏறிய சுவர்ப் பக்கத்துக்கும் சிங்க்கின் அடிக்கும் அதை வாங்குவதில் நஷ்டமில்லை. அலமாரி முழுக்க அதிலேயே செய்யத் தேவையில்லை.

## தூள் கொட்டுகிறது, மண் கோடு ஓடுகிறது

இரண்டும் வேறு வேறு.

குண்டூசித்தலை அளவில் உருண்டைத் துளைகளும், அடியில் கோதுமை மாவு போன்ற தூளும் இருந்தால் மரவண்டு. மரத்தின் வைரம் பாய்ந்த பகுதியை விட்டுவிட்டு, ஓரத்தில் உள்ள வெளிறிய பகுதியைத்தான் தின்னும். பழைய சேதமா, இப்போதும் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, தூளைச் சுத்தமாகத் துடைத்து அடியில் கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் விடுங்கள். புதுத்தூள் விழாவிட்டால் துளைகளை மெழுகால் அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். விழுந்தால், ஒரே ஒரு ரீப்பரோ தட்டோ என்றால் அதைக் கழற்றி வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். பல இடம் என்றால் பூச்சி ஒழிப்பு ஆட்கள் துளைவழியே மருந்து ஏற்ற வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதை நிறைய வீட்டில் பார்க்கிறேன். உள்ளே ஆழத்தில் இருக்கும் புழுவை அது எட்டுவதில்லை, தீப்பிடிக்கும் ஆபத்துதான் மிச்சம்.

சுவரிலோ அலமாரிக் காலிலோ பென்சில் தடிமனுக்கு மண் கோடு ஏறியிருந்தால் கரையான். பலகையைத் தட்டினால் பொள்ளென்று கேட்கும், திருப்புளி முனை சும்மா அழுத்தினாலே இறங்கும். இங்கே நாமே செய்யக்கூடியது பொருட்களை வெளியே எடுப்பது மட்டும். கோட்டைக் கலைத்து ஸ்ப்ரே அடித்தால் அந்தக் கரையான் சாகும், கூட்டம் வேறு வழியில் வரும். கோடு எங்கிருந்து புறப்படுகிறது என்று கலைக்காமல் படம் எடுத்து, உடனே பூச்சி ஒழிப்பு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். சுவரும் தரையும் சேரும் கோட்டில் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்கினால்தான் நிற்கும். மருந்தை அலமாரியின் உள்பக்கம் துணி, பாத்திரம் வைக்கும் இடத்தில் தெளிக்கவிடாதீர்கள்.

இடித்த பழைய கட்டடங்களின் பர்மா தேக்கு மும்பையில் கிடைக்கிறது, அருமையான மரம். வாங்கும்போது வெளிறிய ஓரத்தில் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அறுக்கும்முன் காந்தத்தை நெடுக ஓட்டி உள்ளே முறிந்து கிடக்கும் ஆணியையும் தேடிவிடுங்கள். ரம்பத்தின் பல்லும் பிழைக்கும், உங்கள் கண்ணும் பிழைக்கும்.

## சன்மைக்கா எழும்புகிறது

ஓரம் மட்டும் எழுந்திருந்தால், உள்ளே உள்ள பழைய பசைப்பொருக்கைப் பிளேடால் சுரண்டி, முழுதாகக் காயவைத்து, ரப்பர் பசையை இரண்டு முகத்திலும் தடவி, கையில் ஒட்டாத பக்குவம் வரும்வரை பொறுத்து, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. நடுவில் உப்பியிருந்தால் அடியில் உள்ள பிளைவுட் ஈரத்தில் உப்பிவிட்டதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் ஒட்டிப் பயனில்லை. ஈரம் எங்கிருந்து வருகிறதென்று பூசணப் பகுதியில் பார்த்துச் சரிசெய்த பிறகு பலகையை மாற்றுங்கள்.

## சுவரில் மாட்டிய அலமாரி சுவரைவிட்டு விலகுகிறது

சமையலறையில் அடுப்புக்கு மேல் மாட்டியது, கட்டிலுக்கு மேல் மாட்டியது, எதுவானாலும் மேல் ஓரத்தில் சுவருக்கும் பலகைக்கும் நடுவே புதிதாகக் கோடு தெரிந்தால் வேறு எதையும் சோதிக்க வேண்டாம். ஒரு துண்டுத் தாள் அந்தச் சந்தில் நுழைகிறதா என்று மட்டும் பாருங்கள். நுழைந்தால் கீழே யாரும் படுக்கவோ நின்று சமைக்கவோ வேண்டாம். மேல்தட்டிலிருந்து தொடங்கி, எடை அதிகமானதை முதலில் எடுத்து, காலி செய்யுங்கள். அடியில் ஒரு மேசையும் அதன்மேல் கெட்டியான பெட்டியுமாக முட்டுக் கொடுங்கள்.

கூப்பிட வேண்டியது சுவரையும் பார்க்கத் தெரிந்த கார்பென்டரை. தாராவியிலும் பழைய சால்களிலும் உள்சுவர் பல இடத்தில் அரைச்செங்கல் கனம்தான், நாலரை அங்குலம். பூச்சு மட்டும் உதிர்ந்திருந்தால் நீளமான ஃபாஸ்டனரோடு வேறு இடத்தில் துளை போட்டு நிறுத்துவார். செங்கல்லே ஆடினால், அதே அலமாரிக்கு அடியில் கால் வைத்துத் தரையில் நிறுத்தச் சொல்லுங்கள். திரும்ப மாட்டுவதாக இருந்தால், உள்பக்கம் மேல் ஓரத்தில் நெடுக ஒரு ரீப்பர் போட்டு, அதன் வழியாகவே ஃபாஸ்டனர் போகட்டும். 6 மி.மீ. பின்பலகையை மட்டும் நம்பி மாட்டுவதாகச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.